ஊரிலிருந்து நண்பர் வருகிறார், எங்கே கூட்டிப்போகலாம்? – வாசகர் கேள்வி பதில்

விடுமுறைக் காலம் நெருங்கிவிட்டது. சிங்கப்பூர் வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருக்கின்றன. ஊரிலிருந்து யாரோ வருகிறார்கள், கையில் ஒரு நாள்தான் இருக்கிறது, என்ன செய்வது? அதனால் இந்த முறை மற்ற கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டு இதை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா, நான் ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறேன். என்னோடு பள்ளியில் படித்தவன் சுற்றுலாவாக வருகிறான், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க என்னோடு இருக்கிறேன் என்கிறான். நான் இருப்பது டார்மிட்டரி, அங்கே கூட்டிப்போக வழியில்லை. பெரிய இடங்களுக்கு டிக்கெட் எடுக்க என் சம்பளம் இடம் கொடுக்காது. என்ன காட்டுவது என்று யோசித்து யோசித்துத் தூக்கமே வரவில்லை.
– வாசகர், ஜூரோங்

தம்பி, முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள். டிக்கெட் எடுக்காமலே காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் சுற்ற இந்த ஊரில் இடம் இருக்கிறது. நான் சொல்கிற வழியில் போனால் சாப்பாட்டுக்கும் ரயிலுக்கும்தான் செலவு.

காலை எட்டு மணிக்கு லிட்டில் இந்தியா நிலையத்தில் சந்தித்துக்கொள்ளுங்கள். ஞாயிறு சாயங்காலம் அந்தப் பக்கம் கூட்டம் எப்படி நெரியும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, காலையில் என்றால் காலாற நடக்கலாம். பக்கத்திலேயே தேக்கா சென்டர் கட்டடத்தில் காய்கறி, மீன் விற்கும் ஈரச்சந்தையை ஒரு சுற்று சுற்றுங்கள், முருங்கைக்காயும் வாழைப்பூவும் நம் ஊர் மாதிரியே குவிந்து கிடப்பதைப் பார்த்தாலே நண்பர் ஆச்சரியப்பட ஆரம்பித்துவிடுவார். அப்புறம் அங்கேயே பிராட்டாவும் கோப்பியும். கோப்பி போடுகிறவர் நீளமான துணிப்பையில் தூளைப் போட்டு, நீள மூக்கு வைத்த பாத்திரத்திலிருந்து வெந்நீரை ஊற்றி, இந்தப் பாத்திரத்திலிருந்து அந்தப் பாத்திரத்துக்கு மாற்றி மாற்றி இறக்குவார், அடியில் கெட்டிப்பால் இருக்கும், கலக்காமல் குடித்தால் மேலே கசப்பு கீழே தித்திப்பு. கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் போட்டு வறுப்பதால்தான் அந்தக் கருப்பும் அந்த வாசனையும். மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட் தனியாகக் கிடந்தால் அது யாரோ பிடித்து வைத்த இடம் என்பதையும், சாப்பிட்ட தட்டை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும் என்பதையும் (2021 முதல் சட்டமே ஆகிவிட்டது) நண்பருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பிறகு வீரமாகாளியம்மன் கோயில். அது முடிந்ததும் அதே லிட்டில் இந்தியா நிலையத்தில் நீலப் பாதை ரயிலைப் பிடித்து நேராகத் தெலுக் ஆயர் போய் இறங்குங்கள், வண்டி மாற வேண்டியதில்லை.

தெலுக் ஆயர் தெருவைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த தெரு அதுதான், நம் ஆட்களில் அங்கே போகிறவர்கள் குறைவு. இன்றைக்கு நாலாபக்கமும் வானளாவிய அலுவலகங்கள் நிற்கின்றன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்ப்பதற்கு முன்னால் அந்தத் தெருதான் கடற்கரை, கப்பலில் வந்தவர்கள் அங்கேதான் கரையேறினார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் 1828க்கும் 1830க்கும் இடையில் அங்கே நாகூர் ஆண்டவர் நினைவாக ஒரு தர்கா கட்டினார்கள். நாகூருக்குப் போனவர் யாராக இருந்தாலும் அந்த முகப்பையும் அடுக்கடுக்கான குட்டி மினாராக்களையும் பார்த்த உடனே ஒரு நிமிடம் நின்றுவிடுவார். நாலு எட்டு நடந்தால் தியான் ஹொக் கெங், ஃபூஜியன் பக்கத்துச் சீனர்கள் தங்களைக் கடலில் காப்பாற்றிக் கொண்டுவந்த மாட்சு என்கிற கடல் அம்மனுக்கு எழுப்பிய கோயில், 1839இல் தொடங்கி 1842இல் முடித்தார்கள். அதையும் தாண்டினால் அல்-அப்ரார் பள்ளிவாசல். 1827இல் வெறும் குடிசையாக ஆரம்பித்ததால் நம்மவர்கள் அதைக் குச்சுப்பள்ளி என்று கூப்பிட்டார்கள். வேறு வேறு கரையிலிருந்து கிளம்பி, உயிரோடு வந்து சேர்ந்தோமே என்று ஒரே தெருவில் நன்றி சொன்னவர்கள் அவர்களெல்லாம். ஊரை விட்டு வந்து பட்டறையில் வேலை செய்கிற நீங்கள் அந்தத் தெருவை நண்பருக்குக் காட்டினால், அதற்கு இருக்கிற அர்த்தம் எந்த டிக்கெட் இடத்துக்கும் கிடையாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அங்கிருந்து சவுத் பிரிட்ஜ் சாலைக்கு நடந்தே போகலாம், கால் மணி நேரம் கூட ஆகாது. அங்கே மாரியம்மன் கோயில். 1819இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை 1827இல் தொடங்கிய கோயில், சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயில் அதுதான். கோபுரத்தை வைத்துத்தான் பக்கத்துத் தெருவுக்குப் பகோடா தெரு என்றே பெயர், சைனாடவுனுக்கு நடுவில்! ஆனால் நேரத்தில் கவனம் வேண்டும், நம் கோயில்கள் மதியம் நடை சாத்திவிடுவார்கள், பதினொன்றரைக்குள் போய்விடுங்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பக்கத்திலேயே மேக்ஸ்வெல் உணவங்காடி இருக்கிறது. ஹைனான் கோழிச் சோறு வாங்கிக் கொடுங்கள், கோழிச் சாற்றில் இஞ்சி பூண்டோடு வேகவைத்த சோறு, காரத்துக்குச் சிவப்பு மிளகாய்ச் சட்னி தனியாக வரும். வரிசை நீளமாக இருக்கிற கடைதான் வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம், அடுத்த கடையிலும் நன்றாகவே இருக்கும். பாதி நாளை வரிசையில் தொலைத்தால் என்ன மிச்சம்?

மதியம் இரண்டு மணி நேரமாவது சும்மா உட்காருங்கள். நண்பர் வருகிறார் என்றால் பத்து இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு மூச்சிரைக்க இழுத்துக்கொண்டு ஓடுகிறோம், கடைசியில் இரண்டு பேரும் நாலு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள். வெயில் உச்சியில் இருக்கிற நேரம் பேசுவதற்கென்றே இருக்கட்டும், மேக்ஸ்வெல்லிலேயே ஒரு கரும்புச்சாறோடு உட்கார்ந்து அவர் வீட்டுக் கதையைக் கேளுங்கள், உங்கள் கதையையும் சொல்லுங்கள். உங்கள் வேலை கஷ்டத்தை மறைக்க வேண்டாம், கூடப் படித்தவனிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

நாலரை மணி வாக்கில் மறுபடி நீலப் பாதை, பேஃப்ரண்ட் நிலையம். கரையோரப் பூந்தோட்டத்தின் வெளிப்பகுதிக்குக் கட்டணம் கிடையாது, கண்ணாடிக் கூடங்களுக்குத்தான் டிக்கெட். தோட்டத்தின் வழியாகவே நடந்து மரினா அணைக்கட்டுக்குப் போனால் அதன் கூரை முழுக்கப் புல்வெளி, சாயங்காலம் பட்டம் விட ஜனங்கள் வருவார்கள். ஒரு பக்கம் கடலில் நங்கூரம் போட்ட கப்பல்கள், இன்னொரு பக்கம் நன்னீர் ஏரி. அந்த ஏரியும் ஒரு காலத்தில் கடலோடு சேர்ந்து கிடந்ததுதான், 2008இல் அணை திறந்தபிறகு குடிநீர்த் தேக்கமாகிவிட்டது. கப்பல் வேலை உங்களுக்குத் தெரியும், தூரத்தில் நிற்பது எண்ணெய்க் கப்பலா சரக்குக் கப்பலா என்று நீங்கள் சொல்லச் சொல்ல அவர் கேட்பார். இங்கே சூரியன் வருடம் முழுக்க ஏழு மணி சுமாருக்குத்தான் மறைகிறது. பார்த்துவிட்டுத் திரும்பி வந்தால் 7.45க்குச் செயற்கை ராட்சத மரங்களின் கீழே ஒளிக்காட்சி, இலவசம். தவறவிட்டால் 8.45க்கு மறுபடி உண்டு. தரையில் மல்லாந்து படுத்துப் பாருங்கள், எல்லோரும் அப்படித்தான் பார்க்கிறார்கள்.

ஒன்று மட்டும். சனி காலை 7 மணியிலிருந்து திங்கள் காலை 7 மணி வரை லிட்டில் இந்தியா வட்டாரத்தில் பொது இடத்தில் மது அருந்தத் தடை. நண்பர் ஆசைப்பட்டாலும் திடலில் உட்கார்ந்து பாட்டிலைத் திறக்க விடாதீர்கள், உங்கள் வேலைக்கே ஆபத்து.

கல்லூரித் தோழி குடும்பத்தோடு வருகிறாள், மாமியாரும் இரண்டு குழந்தைகளும் கூட. சுத்த சைவம். மாமியாருக்கு முழங்கால் வலி, அதிகம் நடக்க மாட்டார். மழை வேறு பயமுறுத்துகிறது.
– வாசகி, தெம்பனிஸ்

சாப்பாட்டுக் கவலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மாமியாருக்கு ஒரு வேளையாவது சாம்பாரும் ரசமும் கண்ணில் பட வேண்டும், அதற்குச் சிராங்கூன் சாலையில் சைவ உணவகங்கள் இருக்கின்றன. கோமள விலாஸ் 1947இலிருந்து நடக்கிறது. குழந்தைகள் வேறு ஏதாவது கேட்டால் சீன சைவக் கடைகளை நம்பலாம், பௌத்த வழக்கப்படி சமைப்பதால் பல கடைகளில் வெங்காயம் பூண்டு கூடச் சேர்ப்பதில்லை. சோயாவில் கோழி மாதிரியே செய்து வைத்திருப்பார்கள், அதைப் பார்த்து மாமியார் பதறிவிடப் போகிறார், முன்னாலேயே சொல்லி வையுங்கள். மற்ற கடைகளில் காய்கறி என்று கேட்டு வாங்குவதோடு நிறுத்தாதீர்கள். சம்பாலில் பெலாச்சான், அதாவது இறால் விழுது இருக்கும், கங்கோங் கீரை வதக்கலிலும் அதுதான். மேலே மிதக்காது, கண்ணுக்குத் தெரியாது, கேட்டால்தான் சொல்வார்கள்.

நடக்க முடியாதவர்களுக்கு இந்த ஊர் சௌகரியமான ஊர். எம்ஆர்டி ரயில் நிலையங்களில் மின்தூக்கி உண்டு, பேருந்துகளில் சக்கர நாற்காலி ஏற்றச் சாய்தளம் உண்டு. காலை எட்டு மணிக்குத் தாவரவியல் பூங்காவுக்குப் போய்விடுங்கள், 1859இல் அமைத்த பூங்கா, 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, நுழைவு இலவசம். பாதைகள் வழவழவென்று இருக்கும், நிழலில் பெஞ்சு இருக்கும். மலேயா முழுக்க ரப்பர் பரவியது இந்தப் பூங்காவிலிருந்துதான். மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் முறையை இங்கே இயக்குநராக இருந்த ரிட்லி கண்டுபிடித்தார், அதைத் தொடர்ந்து எழுந்த தோட்டங்களுக்குத்தான் நம் ஊர் ஜனங்களைக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்தார்கள். உங்கள் தோழியின் குடும்பத்திலேயே மலேயாவுக்குப் போன தாத்தா ஒருவர் இருக்கக்கூடும், கேட்டுப் பாருங்கள். ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் கட்டணம், அது கொடுத்துப் பார்க்கத் தகுந்ததுதான்.

மழைக்குப் பயந்து வீட்டில் உட்காராதீர்கள். இங்கே பெய்வது பெரும்பாலும் மதியத்துக்கு மேல் இடியோடு வந்து, கொட்டித் தீர்த்து, ஒரு மணி நேரத்தில் ஓய்கிற மழை. நவம்பரிலிருந்து ஜனவரி வரை மட்டும் சில நாட்கள் விடாமல் பெய்யும். வெளியிடங்களைக் காலையில் முடித்துக்கொண்டு மதியத்தை அருங்காட்சியகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கேம்பல் லேனில் 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையம் அளவான கட்டடம், மாமியார் களைக்காமல் பார்க்கலாம், திங்கட்கிழமை விடுமுறை.

என் நண்பன் அமெரிக்காவில் நல்ல நிலையில் இருக்கிறான். மரினா பே பக்கம் பெரிய ஹோட்டலில் தங்குகிறான். எங்கள் வீடு உட்லண்ட்ஸில் மூவறை வீவக (அரசு வீடமைப்புக் கழக) அடுக்குமாடி வீடு. கூப்பிடலாமா, வெளியிலேயே பார்த்து அனுப்பிவிடலாமா என்று எனக்கும் மனைவிக்கும் வாக்குவாதம்.
– வாசகர், உட்லண்ட்ஸ்

கூப்பிடுங்கள். இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. இந்த ஊரில் பத்தில் எட்டுப் பேர் குடியிருப்பது வீவக வீட்டில்தான், அதைப் பார்க்காமல் திரும்புகிறவர் சிங்கப்பூரைப் பார்த்ததாக நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஹோட்டல் ஜன்னலிலிருந்து தெரிவது எல்லாப் பெரிய நகரத்திலும் தெரிவதுதான்.

ரயிலில் வரச் சொல்லுங்கள், நிலையத்துக்கு நீங்கள் போய்க் கூட்டி வாருங்கள். புளோக்கின் கீழ்த்தளத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். ஒரு வாரம் அங்கே மலாய்க்காரர் கல்யாணம் நடக்கும், பந்தல் போட்டு, பிரியாணி மணக்க, பாட்டுச் சத்தம் கேட்கும். இன்னொரு வாரம் அதே இடத்தில் சீனர் வீட்டு இறப்புக்குத் துணி கட்டி ஊதுவத்தி எரியும். மேலே அண்ணாந்து பார்த்தால் ஜன்னலுக்கு ஜன்னல் மூங்கில் கழியில் துணி காய்ந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு வட்டாரத்திலும் புளோக்கிலும் எந்த இனத்தவர் எத்தனை விழுக்காடு வரை இருக்கலாம் என்று 1989இலிருந்து விதி வைத்திருக்கிறார்கள், அதனால்தான் உங்கள் மாடியில் ஒரு பக்கம் சீனப் பாட்டியும் இன்னொரு பக்கம் மலாய்க் குடும்பமும். இதையெல்லாம் அவருக்கு நீங்கள் சொல்லிக் காட்டலாம். சாப்பாட்டுக்கு மனைவி பதினாறு வகை செய்ய வேண்டாம். ரசம், அப்பளம், ஒரு மீன் குழம்பு. அமெரிக்காவிலிருந்து வருகிறவர் அதற்குத்தான் ஏங்கிப்போய் வருவார்.

சென்னையிலிருந்து சிட்னி போகிற தோழிக்குச் சாங்கி விமான நிலையத்தில் எட்டு மணி நேரம் இடைவெளி. அங்கே ஜுவல் கட்டடத்தில் இருக்கும் அருவியைச் சுற்றிக் காட்டலாமா?
– வாசகி, பிடோக்

விசாவைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். 2019இல் திறந்த ஜுவல் குடிநுழைவுச் சோதனைக்கு வெளியே இருக்கிறது. சிங்கப்பூருக்குள் வர அனுமதி இல்லாத இந்தியப் பயணி இடைவழிப் பகுதியிலேயே இருக்க வேண்டும், நீங்களும் உள்ளே போக முடியாது, கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று போனில் பேச வேண்டி வரும். வேறு சில நாடுகளின் செல்லுபடியாகும் விசா வைத்திருக்கும் இந்தியர்கள் விசா இல்லாமல் 96 மணி நேரம் வரை உள்ளே வரச் சலுகை இருக்கிறது, ஆஸ்திரேலியாவும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் நிபந்தனைகள் இருக்கின்றன, கடைசி முடிவு அதிகாரிகள் கையில். குடிநுழைவு ஆணையத்தின் தளத்தில் தோழியையே ஒருமுறை படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வர முடிந்தால் அருவி 40 மீட்டர் உயரம், பக்கத்தில் உட்கார்ந்து பேசவே எட்டு மணி நேரம் போதாது. ஊருக்குள் அழைத்துப்போய் ஓட வைக்காதீர்கள்.

எந்தக் கட்டடத்தைக் காட்டினாலும் என் நண்பனுக்குப் பிடிக்காது. தோப்பு, வரப்பு, சைக்கிள் என்று வளர்ந்தவன்.
– வாசகர், யீஷூன்

புலாவ் உபின் தீவு. சாங்கி கிராமத்துப் படகுத்துறையிலிருந்து பத்து நிமிடப் படகு. முன்பதிவு கிடையாது, பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் கிளப்புவார்கள், சில்லறையாகப் பணம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இறங்கிய இடத்திலேயே வாடகைச் சைக்கிள். பிரேக்கைப் பிடித்துப் பார்த்து எடுங்கள், ஏற்ற இறக்கம் உண்டு. தகரக் கூரை வீடுகள், தென்னை, ரம்புத்தான், தண்ணீர் நிறைந்த பழைய கருங்கல் குவாரிகள், கிழக்கு ஓரத்தில் செக் ஜாவா சதுப்புநிலம். கடல் வற்றும் நேரத்தைப் பார்த்துப் போனால் மரப்பாலத்தின் கீழே நண்டுகள் ஓடுவது தெரியும். காட்டுப்பன்றி எதிரே வந்தால் ஒதுங்கி நில்லுங்கள், உணவுப் பையைக் கையில் ஆட்டிக்கொண்டு போகாதீர்கள். மழைக்கு முன் திரும்பிவிடுங்கள்.

எங்கே போனாலும் 'நான் தர்றேன்' 'நீ வை' என்று கல்லாவில் சண்டை. யார் கொடுப்பது முறை?
– வாசகர், பொங்கோல்

அழைத்தவர் கொடுப்பதுதான் நம் வழக்கம். ஆனால் கூட வருகிறவருக்கும் மனம் என்று ஒன்று இருக்கிறதே. சாப்பாடு உங்களுடையது, ஐஸ்கிரீமும் கோப்பியும் அவருடையது என்று காலையிலேயே பேசிவிடுங்கள். ரயிலுக்கு மட்டும் ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும், ஒரே அட்டையில் இரண்டு பேர் நுழைய முடியாது. அவரது வங்கி அட்டையைத் தட்டியும் போகலாம், வெளிநாட்டு அட்டை என்றால் கூடுதல் கட்டணம் பிடிப்பார்கள், அதற்கு நீங்கள் ஓர் அட்டையில் பணம் போட்டுக் கொடுப்பதே மேல்.

நான் வருகிற ஆள்! நண்பனைப் பார்க்கச் சிங்கப்பூர் கிளம்புகிறேன். என்ன வாங்கிப்போவது, எதை விடுவது?
– வாசகர், புதுக்கோட்டை

முதலில் காகித வேலை. விசாவைத் தவிர, வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்ப வேண்டும், அது இலவசம், காசு கேட்கிற தளத்தில் நிரப்பாதீர்கள். புகையிலை கலந்த பாக்கு, மெல்லும் புகையிலைப் பொட்டலம், மின்சிகரெட், சூயிங்கம் எதுவும் பெட்டியில் இருக்கக் கூடாது. நண்பன் ஆசையாகக் கேட்டாலும் மட்டன் ஊறுகாய், கோழி வறுவல் வேண்டாம், இந்தியாவிலிருந்து இறைச்சி கொண்டுவர அனுமதி இல்லை. தூக்க மாத்திரை போன்ற மருந்துகளுக்கு முன் அனுமதி தேவைப்படலாம், டாக்டர் சீட்டோடு கிளம்புவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

மற்றபடி அவன் அம்மாவைப் போய்ப் பாருங்கள். அவர் கையால் இடித்த பருப்புப்பொடி, முறுக்கு, கொஞ்சம் மாங்காய் ஊறுகாய் வாங்கிக்கொள்ளுங்கள், அப்படியே அவரைப் பேசச் சொல்லி ஒரு வீடியோவும் எடுத்துக்கொள்ளுங்கள். ஊறுகாயை மட்டும் கைப்பையில் வைக்காதீர்கள், எண்ணெய் மிதப்பதால் திரவக் கணக்கில் சேர்த்துத் திருச்சியிலேயே எடுத்து வைத்துவிடுவார்கள். இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பெரிய பெட்டியில் வையுங்கள்.